40 புத்தகம், 4 லட்சம் பிரதி: பாரதியார் போட்ட கணக்கு என்ன ஆனது?

பாரதியார் என்றதும் முண்டாசு ஞாபகத்துக்கு வரும், மீசை வரும், கறுப்புக் கோட்டு வரும். கூடவே காக்கைக்கும் குருவிக்கும் அரிசி போட்ட கதையும் வந்துவிடும். ஆனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து அச்சுக் கூலி எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்ட பாரதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1920-ல் அப்படி ஒரு கணக்கை அவர் போட்டார். அப்போது அவர் இருந்தது கடையத்தில். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர், மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர்.

அதுவரை எழுதிக் குவித்த எல்லாவற்றையும் 40 தனித்தனிப் புத்தகங்களாகப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் பிரதி. அதாவது மொத்தம் 4 லட்சம் பிரதிகள். முதல் கட்ட அச்சுச் செலவுக்கு 20 ஆயிரம் ரூபாய், விளம்பரம் போன்றவற்றுக்கு 10 ஆயிரம் ரூபாய். இந்தப் பணத்தை நண்பர்களிடம் கடனாகக் கேட்டார். நன்கொடை அல்ல, கடன். முத்திரைத் தாளில் எழுதிக் கொடுப்பதாகவும், மாதம் 2 சதவீதம் வட்டி தருவதாகவும் சுற்றறிக்கை அனுப்பினார். தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு சாதாரணமாக விற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. முயற்சிக்கு அவர் வைத்த பெயர் 'தமிழ் வளர்ப்புப் பண்ணை'.

அப்போது அவருக்கு வயது 37. இன்னும் ஒன்றரை வருடம்கூட முழுசாக இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அந்த 40 புத்தகத்துக்கான சரக்கு எப்படிச் சேர்ந்தது, அது ஏன் அவர் கண் முன்னால் அச்சுக்குப் போகவில்லை? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

மில்லும் போச்சு, அப்பாவும் போனார்

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். ஐந்து வயதுக்குள் அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். அப்பா சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆர்வம் உள்ளவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். அது நஷ்டத்தில் முடிந்தது. சொத்து கரைந்த துக்கத்தோடு 1898-ல் அவரும் காலமானார். பையனுக்கு அப்போது 15 வயது. அதற்கு முந்தைய வருடமே செல்லம்மாளோடு கல்யாணம் ஆகியிருந்தது.

11 வயதிலேயே எட்டயபுரம் அவையில் 'பாரதி' பட்டம் வாங்கியவர் அவர். ஆனால் பட்டம் சோறு போடாதே. காசியில் அத்தை வீட்டில் சில வருடம் படிப்பு, திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை, 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர் என்று ஓடியது. அதே வருடக் கடைசியில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அழைத்து வந்தவர் ஜி.சுப்பிரமணிய ஐயர்.

இந்த வேலை பற்றி நின்று பார்க்க வேண்டும். காரணம், பாரதியின் நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது.

உதவி ஆசிரியர் என்றால் அந்தக் காலத்தில் முக்கியமாக மொழிபெயர்ப்பு வேலை. தந்தியில் வரும் ஆங்கிலச் செய்திகள், தலைவர்களின் நீண்ட நீண்ட பேச்சுகள், எல்லாவற்றையும் உடனுக்குடன் தமிழாக்கித் தர வேண்டும். இன்றைக்கு நியூஸ் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஷிப்ட் முடிந்ததும் சொந்தமாக ஒரு வரி எழுத மனசு இருக்கும், கை வராது. பாரதிக்குக் கை வந்தது. அதோடு, 1905-ல் 'சக்ரவர்த்தினி' என்ற பெண்கள் மாத இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். 1906-ல் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. அதையும் நடத்தினார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அந்த 'இந்தியா'தான்.

முதல் கவிதைப் புத்தகமான 'ஸ்வதேச கீதங்கள்' 1908-ல் வந்தது. கவனியுங்கள், பத்திரிகைத் தொழிலுக்கு வந்து நாலு வருடம் கழித்துத்தான் ஒரு புத்தகம். மீதி எல்லாம் வாரா வாரம் அச்சாகி, வாரா வாரம் பழைய பேப்பர் ஆன எழுத்து.

புதுச்சேரியில் நேரம் கிடைத்தது, ஆனா…

1908-ல் 'இந்தியா' மீது பிரிட்டிஷ் அரசு பாய்ந்தது. அதிகாரபூர்வமாக ஆசிரியர் என்று பெயர் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகி, ஐந்து வருட தண்டனை பெற்றார். அடுத்து பாரதிதான் என்று எல்லோருக்கும் தெரியும். நண்பர்கள் வற்புறுத்த, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். போனவர் அங்கே இருந்தது பத்து வருடம்.

முதல் ஒன்றரை வருடம் அங்கேயும் பத்திரிகை வேலைதான். 'இந்தியா' புதுச்சேரியில் இருந்து வந்தது. 'விஜயா' நாளிதழ், 'கர்மயோகி', 'சூர்யோதயம்' என்று பட்டியல் நீண்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கார்ட்டூனுக்காகவே 'சித்ராவளி' என்று ஓர் இதழ் நடத்தவும் ஆசைப்பட்டார். அது வரவே இல்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் 'இந்தியா'வை நுழைய விடாமல் தடுத்ததும், வாசகர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததால், 1910-ல் பத்திரிகை நின்றது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

இப்போது பாரதியிடம் நேரம் இருந்தது. சம்பளம் இல்லை, பத்திரிகை இல்லை, புத்தகம் போட்டால் ஊருக்குள் கொண்டுபோக வழியில்லை. 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற இரண்டு சின்னப் புத்தகங்களையும் 1911-ல் அரசு தடை செய்துவிட்டது. அதே வருடம் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, புதுச்சேரித் தெருக்களில் உளவாளிகள் நடமாட்டம் இன்னும் அதிகமானது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் அவருடைய பெரிய படைப்புகள் எல்லாம் பிறந்தன. 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்', பகவத் கீதையின் தமிழாக்கம். அரவிந்தரோடு சேர்ந்து வேதம் படித்தார். பதஞ்சலியின் யோக சூத்திரத்தை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். தாகூரின் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்குப் பாட்டு, புதிய ஆத்திசூடி, வசன கவிதை, கட்டுரை, சிறுகதை, நாவல் முயற்சி என்று கை வைக்காத வடிவமே இல்லை.

ஒரே ஆளின் ஆசைக்கு இது அதிகம்தான். அதனால் பாதியில் நின்றவையும் அதிகம். யோக சூத்திரத்தில் முதல் பகுதிதான் முடிந்தது. ஒரு ஜமீன் சபையைக் கிண்டல் செய்யும் 'சின்னச் சங்கரன் கதை'யின் கையெழுத்துப் பிரதி புதுச்சேரியிலேயே காணாமல் போனது என்று அவரோடு பழகியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபடி எழுத உட்கார்ந்தார், அது சில அத்தியாயங்களோடு நின்றது. தமிழில் அந்த மாதிரி ஒரு நகைச்சுவை நாவல் அன்றைக்கே முழுசாக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் படித்தவர்கள் இன்றும் ஏங்குவார்கள்.

எழுதி முடித்தவைக்கும் அச்சு யோகம் குறைவு. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வந்தது. அதில் கதை பாதியில் நிற்கும். இரண்டாம் பாகம் புத்தகமாக வந்தது 1924-ல், அதாவது அவர் இறந்து மூன்று வருடம் கழித்து! 'கண்ணன் பாட்டு' 1917-ல் வர முடிந்ததற்குக் காரணம், சென்னையில் இருந்த பரலி சு. நெல்லையப்பர். பாரதியை அண்ணனாக நினைத்த இந்த இளைஞர், தன் கையில் இருந்ததைப் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். கீதை மொழிபெயர்ப்பு நூலாகி வந்ததைப் பாரதி பார்க்கவில்லை.

கடையத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு

முதல் உலகப் போர் முடிந்த சமயம், 1918 நவம்பர் 20-ல் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது. மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு டிசம்பர் 14-ல் விடுதலை ஆனார். நிபந்தனை உண்டு: அரசியலில் இருந்து ஒதுங்க வேண்டும், எழுதுவதை அதிகாரிகளுக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். ஒரு கவிஞனை வெளியே விட்டுவிட்டுப் பேனாவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி.

மனைவியோடும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு மகள்களோடும் கடையம் போய்ச் சேர்ந்தார். மைத்துனர் வீட்டு ஆதரவில் வாழ்க்கை. வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 1919-ல் எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி எழுதினார். அந்த ஜமீனின் வம்ச வரலாற்றைச் சொல்லும் 'வம்சமணி தீபிகை' என்ற பழைய நூலை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாகவும் கடிதம் போட்டார். ஜமீனை விட்டு வந்து, ஜமீனைக் கிண்டல் செய்து நாவல் எழுதியவர், அதே ஜமீனின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று கேட்கும் நிலைமை. அதுவும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் 40 புத்தகத் திட்டம் வருகிறது. பல பேர் இதைக் கவிஞனின் பகல் கனவு என்று சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். அப்படிக் கடந்து போவது சரியில்லை. அவர் கையில் சரக்கு இருந்தது, 12 வருட கையெழுத்துப் பிரதி இருந்தது. எத்தனை புத்தகம், எத்தனை பிரதி, எவ்வளவு முதல் என்று தெளிவாக எழுதியிருந்தார். விளம்பரத்துக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யோசித்த தமிழ் எழுத்தாளர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனா கணக்கில் சிக்கலும் இருந்தது. 30 ஆயிரம் ரூபாயையும் கடனாகவே வாங்கியிருந்தால், மாதம் 2 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 600 ரூபாய். வருடத்துக்கு 7,200 ரூபாய். புத்தகம் அச்சான வேகத்திலேயே விற்றால்தான் இது தாங்கும். அன்றைய சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஒருவரிலும் தமிழ்க் கவிதைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர் எத்தனை பேர்? மண்ணெண்ணெய் விளக்கு எரியும் எல்லா வீட்டிலும் அந்த வெளிச்சத்தில் படிக்க ஆள் இல்லை.

இன்னொரு காரணம் இதைவிட வருத்தமானது. பாரதி கேட்டால் கொடுக்கக்கூடிய பழைய சுதேசி நண்பர்களே அப்போது நொடித்துப் போயிருந்தார்கள். கப்பல் ஓட்டிய வ.உ.சி. 1912 கடைசியில் சிறையில் இருந்து வந்து, பிழைப்புக்காகக் கடை வைத்துக் கஷ்டப்பட்டவர். சுப்பிரமணிய சிவா சிறையில் இருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். 'இந்தியா'வுக்குப் பணம் போட்ட மண்டயம் குடும்பத்தினர் அந்தப் பத்திரிகையிலேயே நிறைய இழந்துவிட்டார்கள். வசதி இருந்த மற்றவர்களுக்கோ, போலீஸ் கண்காணிப்பில் இருக்கும் ஒருவருக்குப் பணம் அனுப்ப பயம்.

சுற்றறிக்கை போனது. பணம் வரவில்லை. தமிழ் வளர்ப்புப் பண்ணை காகிதத்தோடு முடிந்தது.

மறுபடியும் அதே ஆபீஸ்

1920-ல் பொது மன்னிப்பு வந்து கட்டுப்பாடுகள் விலகின. அந்த வருடக் கடைசியில் பாரதி சென்னைக்குத் திரும்பினார். எங்கே தெரியுமா? 16 வருடத்துக்கு முன் சேர்ந்த அதே 'சுதேசமித்திரன்', அதே உதவி ஆசிரியர் வேலை. இப்போது ஆசிரியர் ஏ.ரங்கசாமி ஐயங்கார். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகை வீடு.

சம்பளம் வந்ததும் குடும்பம் கொஞ்சம் மூச்சு விட்டது. எழுத்து நிற்கவில்லை. தத்துவம், பெண் விடுதலை, உலக அரசியல் என்று பத்திரிகைக்குத் தொடர்ந்து எழுதினார். கடைசிக் காலத்தில் அவர் கையில் இருந்த படைப்புகளில் ஒன்று 'சந்திரிகையின் கதை' என்ற நாவல். அத்தையான இளம் விதவை விசாலாட்சியின் கையில் வளரும் அனாதைக் குழந்தை சந்திரிகை. விசாலாட்சிக்கு மறுமணம் நடக்குமா என்பதுதான் கதையின் ஓட்டம். இதில் ஒரு புதுமை செய்தார். தன்னைப் பத்திரிகைத் தொழிலுக்குக் கொண்டுவந்த ஜி.சுப்பிரமணிய ஐயரையும், ஆந்திரத்தின் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவையும் நிஜப் பெயரோடு கதாபாத்திரங்களாகவே உள்ளே கொண்டுவந்தார்.

யானை சம்பவம் எல்லோருக்கும் தெரியும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்கு எப்போதும் பழம் கொடுப்பவர் அவர். ஒருநாள் அது தள்ளிவிட, கீழே விழுந்தார். நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். யானை மிதித்துத்தான் பாரதி இறந்தார் என்று இப்போதும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. அந்தக் காயத்தில் இருந்து தேறி மறுபடி வேலைக்குப் போனார். 1921 ஜூலை கடைசியில் ரயிலேறி ஈரோட்டுக்குப் போய், கருங்கல்பாளையம் நூலகத்தில் பேசினார். மனிதனுக்கு மரணம் இல்லை என்பதே பேச்சின் பொருள். அந்தப் பயணம் பற்றியும் சென்னை திரும்பி 'மித்திர'னில் எழுதினார்.

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த உடம்பு தாங்கவில்லை. 11-ம் தேதி இரவு, ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கான் பற்றி ஒரு கட்டுரை எழுதி மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அவர் சொன்னதாக, அந்த இரவில் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி, 12-ம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. (தமிழ்நாடு அரசு மகாகவி நாளாக அனுசரிப்பது செப்டம்பர் 11-ஐ.) வயது 38 வருடம், 9 மாதம். இறுதி ஊர்வலத்தில் இருந்தவர்கள் சுமார் 20 பேர்.

செல்லம்மாளின் கையில்

கையெழுத்துப் பிரதிகள் இப்போது செல்லம்மாளிடம். ஏழு வயதில் கல்யாணமாகி, கணவரின் வறுமையையும் நாடுகடந்த வாழ்க்கையையும் கூடவே சுமந்தவர். அடுத்த வருடமே, 1922-ல், அண்ணன் அப்பாதுரை ஐயரின் துணையோடு 'பாரதி ஆச்சிரமம்' என்ற பெயரில் கணவரின் பாட்டுகளை இரண்டு பாகமாக வெளியிட்டார். ஊராரின் சுடுசொல்லுக்கு நடுவில் ஒரு விதவை பதிப்பாளராக நின்றது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் பணம் இல்லாமல் அவராலும் ரொம்ப தூரம் போக முடியவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதனும் மற்றவர்களும் சேர்ந்து 'பாரதி பிரசுராலயம்' மூலம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். 'பாஞ்சாலி சபத'த்தின் மீதிக் கதையைத் தமிழ்நாடு படித்தது அப்போதுதான்.

1928-ல் சென்னை அரசு பாரதி பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய, சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து சண்டை போட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல், ஓமந்தூரார் ஆட்சிக் காலத்தில், பாரதி படைப்புகளின் உரிமையை அரசே வாங்கியது. பின்னர் அது பொதுமக்களுக்குச் சொந்தமாக்கப்பட்டது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆனது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையிலும் புத்தகக் காட்சியிலும் மலிவு விலையில் 'பாரதியார் கவிதைகள்' கிடைப்பது அப்படித்தான். அன்றைக்கு அவர் கேட்ட 10 ஆயிரம் பிரதி இன்றைக்கு ஒரு விஷயமே இல்லை.

பத்திரிகைகளில் சிதறிக் கிடந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் வேலையை ஆய்வாளர் சீனி விசுவநாதன் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தார். பழைய இதழ்களைத் தேடித் தேடி, தேதி பார்த்து, காலவரிசைப்படி அடுக்கினார். 2024 டிசம்பர் 11-ல், பாரதியின் பிறந்தநாளில், முழுத் தொகுப்பைப் பிரதமர் மோடி டெல்லியில் வெளியிட்டார். மொத்தம் 23 தொகுதிகள். அடுத்த வருடம் சீனி விசுவநாதனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

'சந்திரிகையின் கதை' மட்டும் இன்றைக்கும் பாரதி விட்ட இடத்திலேயே நிற்கிறது. சந்திரிகை வளர்ந்து என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது.